பர்சீம், தூடி, கல், வண்டா: மாட்டுத் தீவனத்துக்கு உருதுவில் என்ன பெயர்?

சவூதியில் ஒரு பால்பண்ணைக்கு மேற்பார்வையாளராகப் போகிறாராம் கேள்வி கேட்டவர். அங்கே வேலையாட்கள் பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாப் பக்கம். பயிர், தீவனம் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு உருது அகராதியில் பொருள் பார்த்து எழுதிக்கொண்டு போனால் சமாளிக்கலாமா என்கிறார்.

பாதிதான் சமாளிக்கலாம். அல் கர்ஜ் பக்கம் ஒரு தீவனக் கிடங்கில் சில வருஷம் கணக்கு எழுதியவன் நான். சாஹிவால், ஒகாரா மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான் அங்கே கட்டு இறக்குவார்கள். பாதி உருது, பாதி பஞ்சாபி. தீவனத்துக்கு அகராதி 'சாரா' என்று சொல்லும். தப்பில்லை, பசுந்தீவனம் 'ஹரா சாரா'தான். ஆனால் மாட்டுக்கு முன்னால் நிற்கிறவர் வாயில் வருவது 'பட்டே'. தீவனத் தொட்டி 'குர்லி'. தட்டை நறுக்கும் இயந்திரம் 'டோக்கா'. இந்த நாலையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

தானியங்களில் பெரிய சிக்கல் இல்லை. கோதுமை 'கந்தும்', பஞ்சாபியில் 'கனக்'. நெல் 'தான்', பஞ்சாபிக்காரர் 'முஞ்ஜி' என்பார். மக்காச்சோளம் 'மக்கயீ', கம்பு 'பாஜ்ரா', சோளம் 'ஜவார்'. தீவனத்துக்காக நெருக்கி விதைத்த சோளத்தைப் பஞ்சாபில் 'சரீ' என்பார்கள். நீங்கள் பேச்சுக்கு நடுவே 'சரி சரி' என்று தலையாட்டினால் எதிரே இருப்பவர் சோளத்தட்டை தேடிப் போகலாம், ஜாக்கிரதை! இளம் சோளப் பயிரிலும், தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரிலும் சயனைடு நஞ்சு ஏறும் என்பது அவர்களுக்கும் தெரியும். பூக்கிற பருவம் வரை மாட்டை அதில் விடமாட்டார்கள்.

காது ஏமாறும் ஜோடி ஒன்று உண்டு: 'ஜௌ', 'ஜயீ'. முன்னது வாற்கோதுமை, பின்னது ஓட்ஸ். ஜயீயைக் குளிர்காலத்தில் பச்சையாக அறுத்துப் போடுவார்கள். ஜௌ நீங்கள் போகிற சவூதியில் மூட்டையில் வரும் தானியம், அரபியில் 'ஷயீர்'. ஆடு வளர்ப்பவர்கள் அதைத்தான் அள்ளிக்கொண்டு போவார்கள்.

இனி பர்சீம். சண்டை வருவதே இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாகிஸ்தானியர் 'பர்சீம்' என்றால் அது எகிப்திலிருந்து வந்த குளிர்காலத் தீவனப் பயிர். 1904-ல் சிந்துவுக்கு வந்து, அங்கிருந்து பஞ்சாப் முழுக்கப் பரவியது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, வயலில் தண்ணீர் நிறுத்தி அதன் மேலேயே விதையைத் தூவுவார்கள். ஐம்பது அறுபது நாளில் முதல் அறுப்பு, அப்புறம் மாதம் ஒன்று வீதம் மே வரை அறுக்கலாம். விதையில் 'காஸ்னி' என்ற களை விதை கலந்திருக்கும். நம் சித்த மருந்துக் கடைக் காசினியேதான் அது. விதையை உப்புத் தண்ணீரில் கொட்டினால் காஸ்னி மிதக்கும், பர்சீம் அடியில் தங்கும். மேலே மிதப்பதை வழித்துக் கொட்டிவிட்டு, மிச்சத்தை நல்ல தண்ணீரில் அலசி விதைப்பார்கள்.

சவூதிக்காரர் 'பர்சீம்' என்றால் அது வேறு பயிர். ஆங்கிலத்தில் அல்ஃபால்ஃபா அல்லது லூசர்ன், தமிழில் குதிரைமசால். அதற்குப் பாகிஸ்தானியர் வைத்திருக்கும் பெயர் 'லூசன்'. ஒரு தடவை விதைத்தால் சில வருஷம் நிற்கும். ஆக, முதலாளி பர்சீம் கட்டு இறக்கச் சொன்னால் லாரியில் வருவது லூசன். புதிதாக வந்த பஞ்சாபி ஆள், "இது பர்சீம் இல்லையே சாப்" என்று அடித்துச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பலகையில் அல்ஃபால்ஃபா என்று எழுதிப் போட்டுவிடுங்கள், தகராறு தீரும். எமிரேட்ஸ் பக்கம் போனால் அதையே 'ஜத்' என்பார்கள், அது தனிக் கதை.

இளம் பர்சீமை வெறுமனே நிறையத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதற்கு 'அஃபாரா' என்று பெயர். இடது விலாப்பக்கம் புடைத்து நிற்கும், தட்டினால் கொட்டு மாதிரி சத்தம் வரும். "அஃபாரா ஹோ கயா" என்று யாராவது ஓடி வந்தால் அகராதியைத் தேடாதீர்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள். இது வராமல் இருக்கத்தான் பச்சையோடு 'தூடி' கலப்பது. தூடி என்றால் போரடித்த கோதுமையின் பொடித் தாள், உருதுவில் 'பூசா'. அந்த 'டி' நம் டகரம் இல்லை, நாக்கை மடித்துச் சுண்டுகிற ஒலி. நாக்கை மடிக்காமல் 'தோரி' என்றால் பீர்க்கங்காய் ஆகிவிடும். வைக்கோலுக்குப் பெயர் 'பராலி', அதைப் பூசா என்று எழுதிவிடாதீர்கள்.

அடர்தீவனத்தில் எல்லாம் பண்டத்தின் பெயர்தான். புண்ணாக்கு 'கல்', ககரத்தை மூச்சோடு சொல்ல வேண்டும். பருத்தி விதை 'பினௌலா', அதன் புண்ணாக்கு 'பினௌலா கல்'. கடுகுப் புண்ணாக்கு 'சர்ஸோன் கல்'. கோதுமைத் தவிடு 'சோக்கர்'. கம்பெனி மூட்டையில் வரும் கலப்புத் தீவனம் 'வண்டா'. இந்தக் கடைசிச் சொல்லைப் பல அகராதிகளில் தேடினாலும் கிடைக்காது, பண்ணையில் தினமும் பத்துத் தடவை காதில் விழும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு 'ஷீரா'.

பருவம் இரண்டு. ராபி, கரீஃப் என்று நம் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். அரபியில் ரபீ வசந்தம், கரீஃப் இலையுதிர் காலம். விதைப்பை வைத்து அல்ல, அறுவடையை வைத்து வந்த பெயர்கள். குளிரில் விதைக்கும் கோதுமை ரபீயாக இருப்பது அதனால்தான். மே, ஜூனில் பர்சீம் தீர்ந்து சோளம் இன்னும் தயாராகாத சமயம்தான் பஞ்சாபில் தீவனத் தட்டுப்பாடு. ஊரிலிருந்து போன் வந்தால் உங்கள் ஆட்கள் அதைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

கடைசியாக எடை. அவர்கள் 'மன்' என்பது இன்று 40 கிலோ. சென்னை மாகாணத்துப் பழைய மணங்கு 11 கிலோ சொச்சம்தான், தாத்தா காலத்துக் கணக்கை மனதில் வைத்துப் பேரம் பேசாதீர்கள். வாயால் எந்த அளவில் பேசினாலும் ரசீதைக் கிலோவில் போட்டு வாங்குங்கள்.