ரேங்க் 22-ஐத் தாண்டாத டேரன் கேஹில் எப்படி நான்கு நம்பர் 1 ஆட்டக்காரர்களுக்குக் கோச் ஆனார்?

டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த நீங்கள் எழுதிக் கேட்டதில் இரண்டு விஷயம் இருக்கிறது. "ஆடிச் சாதிக்க முடியாதவர்கள்தானே டென்னிஸ் கோச் ஆகிறார்கள்?" என்பது ஒன்று. 24 வயதில் உங்கள் முழங்கால் போய்விட்டது, கோச் வேலைக்கு இறங்கலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம், புரிகிறது. ஆனால் முதல் வரியைப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதற்குப் பதில், ஆட்டக்காரராக இருந்து கோச் ஆன டேரன் கேஹில். 1965-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். அப்பா ஜான் கேஹில், ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் போர்ட் அடிலெய்டு அணியின் பெயர்பெற்ற கோச். 1988 யு.எஸ். ஓபன் இரண்டாவது சுற்றில் போரிஸ் பெக்கரை நேர் செட்களில் வீழ்த்தி, அரையிறுதி வரை போனார் டேரன். அங்கே தோற்றது மாட்ஸ் விலாண்டரிடம். அந்த ஆண்டில் மூன்று கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) வென்றவர் அவர். ஒற்றையரில் கேஹிலின் உச்ச ரேங்க் 22, இரட்டையரில் 10. அதன்பிறகு முழங்கால். அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தும் முப்பது வயதுக்குள் ஆட்டம் முடிந்தே போனது. உலகத்திலேயே 21 பேர்தான் தனக்கு முன்னால் என்ற நிலைக்கு வந்தவரை "சாதிக்க முடியாதவர்" என்று எந்தக் கணக்கில் சொல்வது?

அவர் கோச்சாக முதலில் வளர்த்தெடுத்தவர், அதே அடிலெய்டுப் பையன் லேட்டன் ஹியூவிட். 1998 ஜனவரியில் 550-ஆம் ரேங்கில் இருந்த 16 வயது ஹியூவிட், வைல்டு கார்டில் (ரேங்க் போதாதவருக்குத் தரும் சிறப்பு அனுமதி) சொந்த ஊர்ப் போட்டிக்குள் வந்து, அரையிறுதியில் ஆண்ட்ரே அகாஸியையும் இறுதியில் ஜேசன் ஸ்டோல்டன்பர்கையும் சாய்த்துக் கோப்பையை வாங்கினார். 2001-ல் யு.எஸ். ஓபன், அதே ஆண்டு 20 வயதில் நம்பர் 1. அந்த ஆண்டின் கடைசியில் கேஹிலும் ஹியூவிட்டும் பிரிந்தார்கள். ஹியூவிட்டுக்கு அடுத்த கோச் ஆனவர், 1998 இறுதியில் அவரிடம் தோற்ற அதே ஸ்டோல்டன்பர்க். கேஹில் போனதோ அகாஸியிடம். டென்னிஸ் உலகம் அவ்வளவு சின்னது. தோற்கும்போது நடந்துகொள்ளும் விதம்கூடப் பிற்காலத்தில் உங்கள் வேலைக்கான சான்றிதழாகிவிடும்.

அகாஸி 2003-ல் ஆஸ்திரேலிய ஓபன் வென்று, அதே ஆண்டு 33 வயதில் மறுபடி நம்பர் 1 ஆனார். அடுத்து ருமேனியாவின் சிமோனா ஹாலெப், 2017-ல் நம்பர் 1. பிறகு இத்தாலியின் யானிக் சின்னர், 2024 ஜூனில் நம்பர் 1.

"எல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள், யார் கோச்சாக இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்" என்று ஒருவராவது சொல்வார். திறமை அவர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் இந்த நால்வருக்கும் கேஹில் செய்தது ஒரே வேலை இல்லை. ஹியூவிட்டுக்கு அடித்தளம் போட வேண்டியிருந்தது. அகாஸி பல கிராண்ட்ஸ்லாம் வென்றிருந்தவர். அந்த வயதில் உடம்பை எந்தப் போட்டிக்குச் செலவழிப்பது, எதை விடுவது என்பதுதான் பேச்சு. ஹாலெப்புக்கு ஆட்டத்தைவிட மனநிலை பெரிய சிக்கல். 2017 மயாமி ஓபன் காலிறுதியில் ஜொஹானா கோன்டாவுக்கு எதிராக முதல் செட்டை வென்றும், ஆட்டத்தின் நடுவே தன்னையே திட்டிக்கொண்டு போராடுவதை விட்டுவிட்டார். அப்போது பெண்கள் போட்டிகளில் செட்டுக்கு ஒருமுறை கோச்சைக் கோர்ட்டுக்குள் கூப்பிடலாம். கேஹில் வந்து பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு, இந்த மனநிலை மாறாமல் தன்னால் தொடர முடியாது என்று சொல்லி விலகினார். ஹாலெப் மனநல நிபுணரிடம் போய் அதற்காகவே உழைத்தார். சில வாரங்களில் கேஹில் திரும்பினார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஒரு செட்டும் 3-0-வும் முன்னால் இருந்து ஹாலெப் ஒஸ்டபென்கோவிடம் தோற்றார், 2018 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் வோஸ்னியாக்கியிடம். அப்புறம்தான் 2018 பிரெஞ்சு ஓபன்: ஸ்லோன் ஸ்டீஃபன்ஸிடம் முதல் செட்டை இழந்தும் 3-6, 6-4, 6-1. சம்பளம் தரும் ஆட்டக்காரரிடம் "இப்படியே இருந்தால் நான் வரமாட்டேன்" என்று சொல்லும் துணிவு எத்தனை கோச்சுக்கு உண்டு?

சின்னரிடம் நிலைமையே வேறு. சிமோனே வன்யோஸி என்ற கோச் ஏற்கெனவே இருந்தார். 2022-ல் கேஹில் இரண்டாவதாகச் சேர்ந்தார். வன்யோஸியின் உச்ச ரேங்க் 161. ஆக, 22-ம் 161-ம் சேர்ந்து ஒரு நம்பர் 1-ஐ வழிநடத்தின. 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட் கையில் இருந்தும் அல்கராஸிடம் தோற்ற சின்னர், ஐந்தே வாரத்தில் விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை வென்றார். அந்த ஐந்து வாரம்தான் கோச்சின் வேலை.

பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல கோச் ஆவதில்லை என்று நான் சொல்லவரவில்லை. இவான் லெண்டல் தன் முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் தோற்றவர். ஆண்டி மர்ரேயும் அப்படியே. அதனால் லெண்டலின் பேச்சு மர்ரேயிடம் எடுபட்டது: 2012 யு.எஸ். ஓபன், 2013 விம்பிள்டன். மறுபக்கம், ஜிம்மி கானர்ஸ் 2013-ல் மரியா ஷரபோவாவுக்குக் கோச்சானார். ஒரே ஒரு மேட்சோடு அது முடிந்தது. லெண்டல், கானர்ஸ் இரண்டு பேருமே நம்பர் 1-ஆக இருந்தவர்கள். பழைய ரேங்க் கதவைத் திறந்துவிடும், உள்ளே போய்ச் செய்வது வேறு வேலை.

ஆடி முடித்துக் கோச் வேலைக்கு வருபவர்கள் செய்யும் முதல் தப்பு, வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று தாங்களே பந்தடித்துக் கொடுப்பது. கை இன்னும் நன்றாக ஓடுவதால் ஆசை விடாது. ஆனால் நீங்கள் அடிக்கும்போது உங்கள் கண் பந்தில் இருக்கும், நீங்கள் பயிற்றுவிக்கும் பையனின் காலில் இருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் கோச் இல்லை, ஹிட்டிங் பார்ட்னர். வேறு ஒருவரை அடிக்கவிட்டு இடம் மாறி மாறி நில்லுங்கள். பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் கடைசிக் கோடு) பின்னால் நின்றால் பந்தின் ஆழமும் திசையும் தெரியும். பக்கவாட்டில் நின்றால் பந்தை உடம்புக்கு எவ்வளவு முன்னால் தொடுகிறான் என்பது தெரியும். எதிராளி பந்தைத் தொடும் கணத்தில் ஸ்ப்ளிட் ஸ்டெப்புக்காக (எந்தப் பக்கமும் பாயத் தயாராகப் போடும் சின்னத் துள்ளல்) துள்ளி, கால் காற்றில் இருக்கிறதா என்று போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். ரிட்டர்ன் (எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பது) தாமதமாகிறது என்று கையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். பல சமயம் கோளாறு இந்தத் துள்ளலில்தான். சர்வ் டாஸை (சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவது) சோதிக்க, தூக்கிய பந்தை அடிக்காமல் விழவிடச் சொல்லுங்கள். வலது கைக்காரருக்கு அது முன்காலுக்குச் சற்று வலப்பக்கம், கோட்டுக்குள் ஒரு அடி போல விழ வேண்டும். பத்துத் தடவையில் பத்தும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் சர்வைத் தொடாதீர்கள், டாஸை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது தப்பு, போட்டிகளுக்கு நடுவில் கிரிப்பையோ (ராக்கெட்டைப் பிடிக்கும் விதம்) சர்வ் அசைவையோ மாற்றுவது. மாற்றிய சில வாரங்களுக்கு ஆட்டம் முன்பைவிடக் கீழே போகும். அந்த நேரத்தில் இரண்டு முதல் சுற்றுத் தோல்வி வந்தால் பையன் பழையதற்கே ஓடிவிடுவான், உங்கள் மேல் நம்பிக்கையும் போகும். அசைவு சம்பந்தமான எதையும் போட்டிகள் குறைந்த டிசம்பர் இடைவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி வாரத்தில் திட்டம் மட்டும் பேசுங்கள்: எங்கே சர்வ் போடுவது, ரிட்டர்னுக்கு எங்கே நிற்பது, ஸ்ட்ரிங் டென்ஷன் (ராக்கெட் நரம்பின் இறுக்கம்) என்ன. வெயிலில் பந்து பறக்கும், டென்ஷனை அரைக் கிலோ ஏற்றலாம், குளிரில் இறக்கலாம். பெரிய போட்டிகளில் பந்து முதலில் ஏழு கேமுக்குப் பிறகும், அடுத்து ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் மாறும். புதுப் பந்து வரும்போது புதிதாக ஸ்ட்ரிங் போட்ட ராக்கெட்டை எடுக்கும் பழக்கத்தை இப்போதே ஊட்டுங்கள்.

மூன்றாவது, அதிகம் பேசுவது. 2025 ஜனவரி 1 முதல் கோர்ட்டுக்கு வெளியிலிருந்து கோச்சிங் செய்வதற்கு விதியிலேயே இடம் உண்டு. ஆனால் பாயின்ட்டுக்கு நடுவே 25 நொடி, பக்கம் மாறும்போது 90 நொடி. அந்த 90 நொடியில் பையன் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், துண்டால் துடைக்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். மிச்சத்தில் ஒரு வாக்கியம்தான் காதில் ஏறும். மேட்சுக்கு முந்தைய நாள் எதிராளியைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள்: 30-40-ல் (இன்னொரு பாயின்ட் போனால் கேம் போய்விடும் நிலை) இருக்கும்போது எங்கே சர்வ் போடுகிறார், இரண்டாவது சர்வை எந்தப் பக்கத்தால் எடுக்கத் திணறுகிறார், அவசரத்தில் எந்தத் திசைக்கு அடிக்கிறார். நான்காவது வரி வேண்டாம்.

இப்படி எதிராளியைப் படிக்கும் கண், இரட்டையர் ஆடியவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது என்பது என் கணிப்பு. வலையருகே நிற்பவன் ஒவ்வொரு பாயின்ட்டிலும் ரிட்டர்ன் எங்கே வரும் என்று முன்கூட்டியே முடிவெடுத்தாக வேண்டும். இரட்டையரில் 10-ஆம் ரேங்க் வரை போன கேஹிலுக்கு இது தற்செயலாக வந்ததென்று நான் நினைக்கவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும்: இரட்டையர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் காட்டுவதில்லை. கடைசிக் கோர்ட்டில் தள்ளி, ஸ்கோரை மட்டும் ஓடவிடுகிறார்கள். பயஸும் பூபதியும் 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் போய் இரண்டை வென்ற நாடு இது. போபண்ணா 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் வென்று நம்பர் 1 ஆனார். இந்தியாவின் பெருமை முழுக்க இரட்டையரில் இருக்க, அதைப் பார்த்துப் படிக்க நம் பிள்ளைகளுக்கு வழி இல்லை. இது பெரிய அநியாயம்.

இனி உங்கள் விஷயம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் கோச் படிப்பில் லெவல் 1, ஆரம்ப, நடுத்தர நிலை ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிக்க. லெவல் 2 முன்னேறியவர்களுக்கு. லெவல் 3 போட்டி உச்சநிலைக்கு. ஆடிய அனுபவம் இருக்கிறதே என்று லெவல் 1-ஐ அலட்சியப்படுத்தாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு மெதுவாகப் போகும் சிவப்புப் பந்தை எப்போது கொடுப்பது, பச்சைப் புள்ளிப் பந்துக்கு எப்போது மாறுவது என்பது எம்15 போட்டிகளில் (ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் அடிமட்டப் போட்டிகள்) ஆடிய யாருக்கும் தானாகத் தெரியாது.

பணத்தை எழுத்தில் வையுங்கள். சுற்றுப்பயணக் கோச்சுக்கு வழக்கமாக வாரச் சம்பளம், அதோடு பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. விமானம், அறை, சாப்பாடு, விசா யார் செலவு. ஆட்டக்காரருக்கு அடிபட்டால் அந்த வாரங்களுக்குச் சம்பளம் உண்டா. இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எம்15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அந்த நிலை ஆட்டக்காரர் ஒருவரே தனியாகக் கோச் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உங்களைப் பகிர்ந்துகொள்ளும்படி பேசுங்கள்.

முழங்காலுக்கு: பந்துக்கூடை கால் வைத்து இடுப்பு உயரத்துக்கு நிற்பதாக வாங்குங்கள். தரையில் வைத்த கூடைக்கு ஒரு மணி நேரத்தில் நூறு முறைக்கு மேல் குனிய வேண்டிவரும். சிதறிய பந்துகளைப் பிள்ளைகளே பொறுக்கட்டும். சிமென்ட் கோர்ட்டில் தொடர்ந்து நின்றபடி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.