அறுபது வயதில் வெளிநாட்டு ஊழியம்: நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் எழுதுவது

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 60. கணவருக்கு 63. பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள். இருவருமாக வெளிநாட்டில் ஒன்றிரண்டு ஆண்டு திருச்சபை ஊழியத்துக்குப் போக ஆசை. இந்த வயதில் அது சரிவருமா? போய் வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்களேன்.

உள்ளபடி கேட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் போனோம், ஊழியம் செய்தவள் என் மனைவி. முதல் மூன்று மாதம் நான் காய்கறி வாங்கினேன்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவள். நான் மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர், அப்போது வயது 62. 2018 செப்டம்பரில் இருந்து 2019 டிசம்பர் வரை மேற்கு நேபாளத்தில் ஒரு மலையூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம். பிரசவ வார்டைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள நர்ஸ் வேண்டும் என்று அவள் பெயருக்குத்தான் கடிதம் வந்தது. கடைசி வரியில் "கணவரும் உடன் வரலாம்" என்று இருந்தது. அந்த வரியை நான் இன்னொரு தடவை படித்திருக்க வேண்டும்.

எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) ஐயர், அதாவது போதகர், ஜெபம் பண்ணி, சால்வை போட்டு, "மிஷனரி தம்பதியினர்" என்று போர்டு அடித்து வழியனுப்பினார்கள். சென்னையில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ், இரண்டு இரவு கழித்து கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. எல்லையில் பெரிய வளைவு ஒன்று இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு அதற்குள் நடந்தே போய்விடலாம். 1950 இந்திய-நேபாள ஒப்பந்தத்தின்படி இந்தியருக்கு விசா கிடையாது, அடையாள அட்டை போதும். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் வைத்துக்கொண்டால் நேபாளம் வந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரி அலுவலகம் போனாள். வெளிநாட்டு நர்ஸ் என்றால் அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தத் தாள்கள் முன்பே தயாராக இருந்ததால் வேலை உடனே தொடங்கிவிட்டது. நான் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தேன். அழகான மலை. பத்து நாள் பார்க்கலாம்.

முப்பத்தாறு வருடம் போன் அடித்தால் எழுந்து ஓடிய ஆள் நான். மழைக்காலத்தில் எந்த ஃபீடர் லைன் எப்போது டிரிப் ஆகி கரண்ட் போகும் என்று கனவிலும் கேட்டுக்கொண்டிருந்தவன், அங்கே "நர்ஸம்மாவின் வீட்டுக்காரர்". நம் பக்கத்தில் அந்தக் காலத்து மிஷனரிகளைப் பேசும்போது துரையைத்தான் பேசுவோம். கால்டுவெல் ஐயர் பெயர் இடையன்குடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த அவர் மனைவி எலைசா அம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் துரைசானி வேலைக்கு வந்தவன் நான். லேஸும் பின்னத் தெரியாது.

நவம்பரில் ஒரு ராத்திரி அவள் எட்டு மணிக்கு மேல் வந்தாள். சோறு வடித்து, பருப்பு வைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். "என்னத்துக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்த?" என்று கேட்டே விட்டேன். அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "ஒங்களுக்கு எந்த ஊருக்கு மாத்தல் வந்தாலும் நானும் மாத்தல் கேட்டுப் பின்னாலயே வந்தேம்லா? ஒரு நாளாவது கேட்டேனா, எனக்கு அங்க என்ன இருக்குன்னு?" என்றாள். அப்புறம் சாப்பிட்டு முடித்தாள். என்னிடம் பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

சும்மா இருந்ததில் ஒரே நன்மை, பாஷை வந்தது. எனக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. குளிர்காலத்தில் அங்கே கல்வீட்டுக்குள் இருக்க முடியாது, காலை பத்து மணிக்கு அக்கம்பக்கத்தார் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறி வெயில் காய்வார்கள். திருநெல்வேலி வெயிலுக்குப் பயந்து வளர்ந்தவன், அங்கே பாயைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் துரத்தினேன். சுந்தலா என்னும் ஆரஞ்சை உரித்துக்கொண்டு கிழவிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நான்கு மாதத்தில் ஓரளவு பேசினேன். அவளுக்கு வார்டு நேபாளிதான் வரும்: மூச்சை இழு, தள்ளு, இப்போ தள்ளாதே. கடையில் பேரம் பேச என்னைத்தான் கூப்பிடுவாள்.

ஒரு வேடிக்கை. அங்கே அண்ணனுக்குச் சொல்லும் வார்த்தையைத் தமிழில் எழுதினால் "தாய்". அம்மாவுக்கு "ஆமா". ஆக தெருவில் என்னைத் தாய் என்றும் அவளை ஆமா என்றும் கூப்பிட்டார்கள். அந்தப் பதினைந்து மாதம் எங்கள் வீட்டு நிலவரமும் ஏறக்குறைய அதுதான்.

எனக்கு வேலை கிடைத்த கதைக்கு வருகிறேன். ஒரு ராத்திரி அவள் பேச்சோடு பேச்சாக, ஆட்டோகிளேவை (கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரத்தை)த் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறது, அதனால் சின்ன நர்ஸ்கள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் கிட்டே போகிறார்கள் என்றாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடிந்ததும் டெஸ்டரும் சீரிஸ் லாம்ப்பும் எடுத்துக்கொண்டு போனேன். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ஒயர் ஒழுங்காகத்தான் இறங்கியது, சுவருக்கு வெளியே போய்ப் பாறையில் அடித்திருந்த ஒரு குழாயில் முடிந்தது. மழைக்காலத்தில் அது வேலை செய்திருக்கும். குளிர்காலத்தில் காய்ந்த பாறை, எர்த் எங்கே எடுக்கும்? யாரையும் குறை சொல்ல முடியாது. நாங்கள் போவதற்கு ஓரிரு வருடம் முன்பு வரை அந்த நாட்டில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சோலார் என்று கிடைத்ததையெல்லாம் வந்தவர் போனவர் மாட்டியிருந்தார்கள். ஒயருக்கு அப்பன் பெயர் தெரியாது.

சலவைத் தண்ணீர் வடியும் இடமாகப் பார்த்து எட்டடிக் குழி. பராமரிப்பில் இருந்த இரண்டு பையன்கள் கடப்பாரை போட்டார்கள், மலையில் எட்டடிக்கு நான்கு நாள் ஆனது. நடுவில் ஜி.ஐ. பைப், சுற்றி கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல். கரியை டீக்கடைக்காரரிடம் மூட்டையாக வாங்கினோம். உப்பை எதற்குக் குழியில் கொட்டுகிறேன் என்று பார்க்க ஒரு கூட்டமே நின்றது, ஏதோ பரிகாரம் என்று நினைத்திருப்பார்கள். இணைப்புக் கொடுத்ததும் சின்ன நர்ஸ்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தொடச் சொன்னேன். அவள் முதலில் என் மனைவி முகத்தைப் பார்த்தாள். இவள் தலையாட்டிய பிறகுதான் தொட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு நேரம் போதவில்லை. கிளம்புவதற்குள் மொத்தம் எட்டுக் குழி. கடைசி மூன்றைப் பையன்களே போட்டார்கள், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதுவா ஊழியம்?" என்று நீங்கள் கேட்கலாம். நேபாளத்தில் இதுதான் ஊழியம், வேறு வழியும் இல்லை. நாங்கள் போவதற்குச் சற்று முன், 2018 ஆகஸ்டில், புதிய குற்றவியல் சட்டம் அமலுக்கு வந்தது. ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கக் கூடாது, வார்டில் ஜெபக்கூட்டம் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நம் ஊர் ஜெபக்குழுக்களில் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். ஆனால் அங்கே மிஷன் தொடங்கியதே இப்படித்தான். 1949-ல் ராபர்ட் பிளெமிங் என்ற அமெரிக்கர், முசூரியில் பள்ளி ஆசிரியர், பறவை ஆராய்ச்சிக்காக நேபாளத்து மலையூரான தான்சேன் பக்கம் போனார். அடுத்த பயணத்தில் டாக்டர்களும் கூடப் போனார்கள், நோயாளிகள் திரண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி நடத்த அரசு அனுமதி கொடுத்தது. 1954-ல் நாக்பூரில் கூடி பல சபைகள் சேர்ந்து நேபாள ஐக்கிய மிஷனை ஏற்படுத்தின. பிளெமிங்கின் மனைவி பெத்தேல் டாக்டர். ஐம்பது வயதை ஒட்டி அந்தத் தம்பதி காட்மாண்டு போனபோது ஆஸ்பத்திரி வேலை அந்த அம்மாவுடையது, பறவை அவருடையது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆராதனை சனிக்கிழமை, அங்கே அதுதான் வார விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், மாதல் என்ற மத்தளத்தோடு பாட்டு. "ஜெய்மசி" என்று கைகூப்புவார்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஒரு மணை கொண்டுபோங்கள்.

அக்டோபரில் தசைன் பண்டிகை. பெரியவர்களிடம் சிறியவர்கள் வந்து நெற்றியில் சிவப்பு அரிசித் திலகம் வாங்கிக்கொண்டு ஆசி பெறும் நாள். பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் முன் வந்து நின்றுவிட்டான். கிறிஸ்தவர்கள் திலகம் இடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் தெருவில் மூத்தவன் நான். தலையில் கை வைத்து ஜெபித்து, ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அவன் அம்மா கறியும் சோறும் அனுப்பினாள். நான் செய்தது சரியா என்று இரண்டு போதகர்களிடம் கேட்டேன், இரண்டு பதில் வந்தது.

பணம், தாள் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு ஆஸ்பத்திரி கொடுத்தது, மற்றதெல்லாம் எங்கள் பென்ஷன். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், மாறாத கணக்கு. அந்த 2018 டிசம்பரில் நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்துவிட்டார்கள், அதற்குப் பிறகு நூறு ரூபாய்க் கட்டுகளாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லை தாண்டாது, கேட்டுக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு அப்போது ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் கருவூலத்தில் பென்ஷன் நேர்காணல் (ஆள் உயிரோடு இருப்பதைக் காட்டுவது), அதற்கு நேரில் வந்தாக வேண்டியிருந்தது. புளி மூன்று கிலோ கொண்டுபோங்கள்.

இனி எளிதில் ஆறாத ஒன்று. 2019 மே மாதம் எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவம். நேர்காணலையும் அதையும் சேர்த்து என் மனைவி ஆறு வாரம் ஊருக்கு வந்தாள். வார்டில் ஆள் இல்லை என்று போன் வந்ததும், குழந்தைக்கு முப்பது நாள்கூட ஆகுமுன் திரும்பிவிட்டாள். "ஊர்ல உள்ள பிள்ளையெல்லாம் எங்கம்மா கையில பெறக்கும், எனக்குப் பத்தியம் வைக்க மட்டும் ஆள் கெடையாது" என்று மகள் சொன்னதை அவள் என்னிடம் சொன்னபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேரனின் ஞானஸ்நானத்தை வாட்ஸாப்பில் பார்த்தோம், ஐயர் தண்ணீரை எடுக்கும்போது சிக்னல் போய்விட்டது. மகள் இப்போதும் அவ்வப்போது குத்திக் காட்டுவாள். அவளிடம் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அவர்கள் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் ஆண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, "எத்தனை ஆத்துமாவை ஆதாயம் பண்ணினீர்கள்?" என்றார். எட்டு எர்த் பிட் போட்டிருக்கிறேன் என்றேன். சிரித்தார்கள், நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயது ஒரு தடையில்லை. படி ஏற முழங்கால் ஒத்துழைத்தால் போதும். அனுப்பும் அமைப்பிடம் இருவருக்கும் தனித்தனியாக என்ன வேலை என்று எழுத்தில் கேளுங்கள். "கூட வரலாம்" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு எங்கே போனாலும் வேலை இருக்கும். உங்கள் கணவர் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை எழுதுங்கள், அப்புறம் எந்த நாடு என்று பேசலாம்.