சூரிச்சிலிருந்து கோமோ ஏரிக்கு எந்த மலைப்பாதை?

கேள்வி: ஜூலை மாதம் மனைவி, 71 வயது அம்மா, 6 வயது மகன் ஆகியோருடன் சூரிச்சில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து தங்கை, மச்சானுடன் அவர்களுடைய ஏழு இருக்கைக் காரில் மலைகளைப் பார்த்தபடி எல்லை தாண்டி இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போய், இரண்டு நாள் தங்கித் திரும்ப எண்ணம். மச்சானும் நானும் மாறி மாறி ஓட்டலாம். ஸ்ப்ளூகன், யூலியர்–மலோயா, சான் பெர்னார்டினோ, ஸ்டெல்வியோ என்று நான்கு வழிகளின் படங்களையும் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். எனக்கு ஒருமுறை மட்டும் நுழையும் விசாதான் கிடைத்திருக்கிறது. எந்த வழி நல்லது? (வாசகர், கோண்டாவில்)

பதில்: போகும்போது யூலியர்–மலோயா. வரும்போது சான் பெர்னார்டினோ. ஸ்டெல்வியோவை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். ஸ்ப்ளூகனை மச்சானும் நீங்களும் தனியாகப் போகும் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சுவிஸின் கிழக்கு மலைப்பகுதியில் 19 வருடம் லொறி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது கொக்குவிலில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறேன். வெளிநாடு போகும் உறவினர்கள் என்னிடம் வந்து கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “இந்த றோட்டில் போகலாமா அண்ணை?” என்று கேட்பது வழக்கம். அந்தப் படம் பெரும்பாலும் ஸ்டெல்வியோவாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் மலையில் நூல் சுற்றியதுபோல வளைவுக்கு மேல் வளைவு. வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி 2,757 மீற்றர். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவே 2,524 மீற்றர்தான். கோடை வார இறுதியில் அந்த வழியில் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் ஈசல்போல மொய்க்கும். உங்கள் வழிக்கு அது பெரிய சுற்றும்கூட. படம் எடுத்தவர் தனியாகப் போயிருப்பார். நீங்கள் அம்மாவோடும் பிள்ளையோடும் ஆறு பேராகப் போகிறீர்கள்.

ஆகவே எது அழகானது என்பதை ஒரு பக்கம் வையுங்கள். நான்குமே அழகுதான். வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தால் உங்கள் கார் எங்கே ஒதுங்கும், வயிறு பிரட்டும் பிள்ளைக்காக எங்கே நிறுத்தலாம், அம்மாவுக்குக் கழிப்பறை எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தானாக வரும்.

ஸ்ப்ளூகன் சூரிச்சிலிருந்து கோமோவுக்கு நேர்கோடு போன்ற வழி. இருநூறு வருடங்களுக்கு முன், வடஇத்தாலி ஆஸ்திரியர் கையில் இருந்த காலத்தில் குதிரை வண்டிகளுக்காக வெட்டிய பாதை அது. இன்றும் அகலத்தில் அந்தக் குணம் மாறவில்லை. 2,100 மீற்றருக்கு மேலே உள்ள உச்சியில்தான் எல்லைக்கோடு. அங்கிருந்து இத்தாலிப் பக்கம் கியாவென்னாவுக்கு ஏறக்குறைய 1,800 மீற்றர் கீழே இறங்க வேண்டும். சில வளைவுகள் குடைந்த பாறைக்குள்ளேயே திரும்பும். எனக்கு அங்கே ஒருமுறை நன்றாகப் பாடம் கிடைத்தது. விடுமுறை நாளொன்றில் சொந்தக் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவுக்குள் பாதி திரும்பியபின் கீழிருந்து ஒரு சுற்றுலா பஸ் தலையை நீட்டியது. மலைச்சாலையில் சுவிஸ் சட்டப்படி இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். யாராவது பின்வாங்கியே ஆகவேண்டும் என்றால், ஏறுகிறவருக்கு ஒதுங்கும் இடம் அருகில் இருந்தாலொழிய, அதுவும் இறங்குகிறவர் வேலைதான். அந்த இடம் இத்தாலி என்றாலும் நான் அதே பழக்கத்தில் பின்னோக்கி எடுத்தேன். லொறிக்காரனான எனக்கே சட்டை நனைந்துவிட்டது. பின் இருக்கையில் மனைவி கந்தசஷ்டி கவசத்தை இரண்டு தரம் சொல்லி முடித்துவிட்டார். ஏழு இருக்கைக் காரின் நீளத்தோடு, முதல்முறை வலப்பக்கம் ஓட்டும் நீங்கள் அந்த இடத்தில் நிற்பதை நான் விரும்பவில்லை.

இனி யூலியர்–மலோயா. சூரிச்சிலிருந்து அதிவேகப் பாதையில் கூர் நகரம் வரை சுமார் 120 கிலோமீற்றர். அங்கே இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளுங்கள். பிறகு லென்சர்ஹைடே, தீஃபன்காஸ்டல் வழியாக ஏற்றம். தீஃபன்காஸ்டலுக்கு அருகே பிரியன்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள மலை மெல்ல நகர்ந்து வந்ததால் 2023 மே மாதம் ஊரையே காலி செய்தார்கள். ஜூனில் சரிந்த பாறைகள் கடைசி வீடுகளுக்குச் சற்று முன்னால் வந்து நின்றன. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அந்த மலைகள் சும்மா நிற்கும் காட்சிப்பொருட்கள் அல்ல என்பதை ஓட்டுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

யூலியர் கணவாய் 2,284 மீற்றர். உயரத்தில் ஸ்ப்ளூகனைவிடக் கூடியது. ஆனால் பாதை அகலமானது, வளைவுகள் விரிந்தவை, பனிக்காலத்திலும் திறந்திருக்கும் வழி. ஒரு பாதையின் கடினத்தை அதன் உயரத்தை வைத்து அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உச்சியில் ரோமர் காலத்துக் கோயிலொன்றின் இரண்டு தூண் துண்டுகள் சாலையோரம் நிற்கின்றன. அம்மா இறங்கி நடக்கட்டும், ஆனால் மெதுவாக. இதயமோ சுவாசமோ சார்ந்த வருத்தம் இருந்தால் புறப்படும் முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இறங்கினால் சில்வாப்ளானா. அங்கிருந்து சில்ஸ் வழியாக மலோயா வரை ஏரிக்கரையோரம் சமதரை ஓட்டம். உங்கள் கைக்கு ஸ்டியரிங் வரவேண்டிய இடம் இதுதான். யாழ்ப்பாணத்துச் சாரதிக்குப் பழகிய தட்டையான நிலம், எதிரே நன்றாகத் தெரியும் பாதை. (நமக்கு மலை பழக்கமில்லை என்று வெட்கப்பட வேண்டாம். பெயரிலேயே மலை வைத்திருக்கும் கீரிமலைக்குப் போனாலும் நாம் பார்ப்பது கடலைத்தான்.)

மலோயா 1,815 மீற்றர், நுவரெலியாவைவிடச் சற்றுத் தாழ்வு. அதன் விசித்திரம் என்னவென்றால், நீங்கள் வரும் பக்கத்தில் ஏற்றமே கிடையாது. கணவாய் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிலம் முடிந்து, காலடியில் பள்ளத்தாக்கு திறக்கும். சற்று மேலே உள்ள மலைமுதுகில் விழும் மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு ரைன் நதிவழியே வடகடலுக்கும், இன்னொன்று இன், டான்யூப் நதிகள்வழியே கருங்கடலுக்கும், மற்றது போ நதிவழியே அட்ரியாட்டிக் கடலுக்கும் போகிறது. மகனுக்குச் சொல்ல நல்ல கதை. குளம் நிரம்பினால் எந்த வாய்க்காலில் தண்ணீர் போகும் என்று பார்த்து வளர்ந்த நமக்கும் ரசிக்கும்.

அந்த விளிம்பிலிருந்து பேர்கெல் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் வளைவுகளை மச்சானிடம் விடுங்கள். கொஞ்சத் தூரம்தான். அதன்பிறகு சிறு ஊர்கள், பிறகு எல்லைக் கிராமமான காஸ்டசெக்னா. மேலே ஊசியிலை மரங்களும் குளிருமாக இருந்தது, இங்கே செஸ்நட் தோப்பு நிழலாக மாறியிருக்கும். சோற்றுப் பொதியை அவிழ்க்க அந்த நிழல் போதும். ஊரிலிருந்து பருத்தித்துறை வடை கொண்டுபோனால் வழிக்கு உதவும். எண்ணெய் பிசுக்கும் இல்லை, நாட்பட்டாலும் கெடாது. மகனுக்கு வளைவுகள் முடியும்வரை அதற்குமேல் ஒன்றும் கொடுக்காதீர்கள். சத்தி எடுத்தால் ஆறு பேருக்கும் பயணம் கசந்துவிடும்.

கியாவென்னாவைத் தாண்டியதும் மலை முடிந்தது என்று மூச்சு விடுவீர்கள். அங்கேதான் ஏமாறுவது. கோமோ ஏரியின் மேற்குக் கரைச் சாலை பல இடங்களில் இரண்டு கல் மதில்களுக்கு இடையே ஓடும் ஒழுங்கை மாதிரி. பஸ் வந்தால் கண்ணாடியை மடக்க வேண்டியிருக்கும். கணவாயில் கீறு விழாத கார் இங்கே கீறு வாங்கும். தங்குமிடத்தை ஏரியின் வடக்கு முனையிலோ, அதிகம் போனால் மெனாஜியோவிலோ பிடியுங்கள். அங்கிருந்து மற்ற ஊர்களுக்குப் படகில் போகலாம். நிற்காமல் ஓடினால் இவ்வளவும் ஐந்து மணித்தியாலத்துக்குள். நீங்கள் ஒரு முழுநாளை ஒதுக்குங்கள், திங்கள் முதல் வியாழன் வரையிலான ஒரு நாளில், காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள்.

திரும்பும்போது கோமோ, கியாஸோ, பெலின்சோனா, அங்கிருந்து சான் பெர்னார்டினோ. கொட்ஹார்ட் சுரங்கம் பக்கம் போகாதீர்கள். ஜூலை விடுமுறையில் அதன் வாசலில் கிலோமீற்றர் கணக்கில் வரிசை நிற்கும். சான் பெர்னார்டினோவில் 6.6 கிலோமீற்றர் சுரங்கம் 1967 முதல் இருக்கிறது. களைப்பாக இருந்தால் சுரங்கம், தெம்பு மிச்சமிருந்தால் மேலே 2,066 மீற்றரில் பழைய கணவாய். அந்த முடிவை வாசலில் நின்றே எடுக்கலாம் என்பதுதான் இந்த வழியின் வசதி. ஆனால் 2024 ஜூன் மாத மழையில் இதே அதிவேகப் பாதையின் ஒரு துண்டை ஆறு அடித்துக்கொண்டு போனது. இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஆகவே புறப்படும் நாள் காலையில் மச்சான் பாதை நிலவரத்தைப் பார்க்கட்டும். முதல்நாள் பார்த்தது போதாது.

ஓட்டும் முறை பற்றிச் சுருக்கமாக. நாம் காரின் வலப்பக்கம் இருந்து பழகியவர்கள். அங்கே இடப்பக்கம் உட்கார்ந்ததும், வலப்பக்கத்துச் சில்லு எங்கே ஓடுகிறது என்ற கணக்கு தப்பும். புதியவர்கள் பள்ளத்துக்குப் பயந்து நடுக்கோட்டுக்கு வருவார்கள், அல்லது வலப்பக்க விளிம்பை உரசுவார்கள். முதல் இரண்டு நாள் சூரிச்சின் வெளிப்புறத்தில் பழகுங்கள். இறக்கத்தில் பிறேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது தபால் பஸ் ஓடும் மலைப்பாதை. அந்த மஞ்சள் பஸ்ஸின் சாரதி கை காட்டும்படி செய்யுங்கள், வாதாட வேண்டாம். பகலிலும் முன்விளக்கு கட்டாயம். மகனுக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். அதிவேகப் பாதைக்கு 40 பிராங் வருடக் கட்டண வில்லை வேண்டும். மச்சானின் காரில் ஏற்கெனவே இருக்கும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதியையும் இலங்கையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டுவதைக் காப்புறுதி ஏற்கிறதா என்று மச்சான் கேட்டு வைக்கட்டும்.

விசா பற்றிய உங்கள் பயம் தேவையற்றது. சுவிஸும் இத்தாலியும், ஒரே விசா செல்லுபடியாகும் ஐரோப்பிய நாடுகளின் வட்டமான ஷெங்கனுக்குள் இருக்கின்றன. இத்தாலிக்குப் போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவாகக் கணக்கில் வராது. ஆனால் கடவுச்சீட்டு எல்லோருடைய கையிலும் இருக்க வேண்டும். எல்லையில் நிறுத்திப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. நம் நிறத்தைக் கண்டால் சற்று அதிகமாகவே நிறுத்துவார்கள் என்பது என் அனுபவம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால் திரும்பும்போது பொருட்களுக்குக் கணக்கு உண்டு. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ; பொருட்களின் பெறுமதி ஆளுக்கு 150 பிராங் வரை வரியில்லை. இந்தத் தொகை 2025க்கு முன் 300 ஆக இருந்தது. தங்கை பழைய கணக்கில் சாமான் வாங்கிவிடப் போகிறார்.

நீங்கள் கேட்காத ஒன்று. தங்கையும் மச்சானும் சுவிஸ் குடியுரிமையோ, பி அல்லது சி வதிவிட அனுமதியுடன் செல்லுபடியான கடவுச்சீட்டோ வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர்களுக்கான எஃப் (F) அட்டை என்றால் எல்லை தாண்ட முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்களுக்கான ‘என்’ (N) அட்டை என்றால் தாண்டவே கூடாது. நம்மவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விருந்தாளியின் ஆசையைக் கெடுக்கக்கூடாது என்று ஏதாவது சாக்குச் சொல்வார்கள். அப்படி இருந்தால் கோமோவை விட்டுவிட்டு, போகவும் வரவும் சான் பெர்னார்டினோ வழியாகவே பெலின்சோனாவுக்குப் போங்கள். அந்த வழி முழுவதும் சுவிஸ் மண்தான். கணவாய்க்குத் தெற்கே பேச்சும் சாப்பாடும் இத்தாலியம். தங்குமிடத்துக்குக் காசு கட்டும் முன், இன்றிரவே தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.