மழை பெய்தால் ஃபெயிலாகும் டெஸ்ட்

கே: தமிழ்ச் சொற்பிழை பார்க்கும் பைதான் நிரல் ஒன்றை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்காக பேக்கேஜ் (நிறுவக்கூடிய தொகுப்பு) செய்கிறேன். ஐப்பசி மழையில் இங்கே நெட் போனால், சொற்பட்டியலை இறக்கும் இரண்டு டெஸ்டுகள் ஃபெயிலாகின்றன. நெட் வந்தால் பாஸ். பேக்கேஜைச் சரிபார்ப்பவரோ டிபெண்டன்சி (நிரலுக்குத் தேவையான பிற பேக்கேஜ்கள்), டெஸ்ட் இரண்டையும் மறுபடி பாருங்கள் என்கிறார். டெஸ்டையே நிறுத்திவிட்டால் என்ன?
– வாசகர், கோத்தகிரி

ப: நிறுத்தாதீர்கள். மழை உங்களுக்குக் காசில்லாமல் வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறது. (எங்கள் கூடலூரில் இந்தக் கூத்து ஆனியிலேயே ஆரம்பித்துவிடும்.) பில்ட், அதாவது மூலநிரலிலிருந்து பேக்கேஜை உருவாக்குவது, நடக்கும்போது வெளி நெட்டைத் தொடவே கூடாது என்பது டெபியன் விதி. பத்துச் சொல் உள்ள குட்டிப் பட்டியலை டெஸ்ட் ஃபோல்டரில் வைத்து, அதைப் படிக்கச் செய்யுங்கள். இறக்குவதையே சோதிக்கிற டெஸ்ட் என்றால் அதை மட்டும் பெயர் சொல்லி விலக்கி, காரணத்தை ஒரு வரி எழுதிவையுங்கள்.

டிபெண்டன்சியில்தான் வம்பு. டெஸ்டை ஓட்டும் பைடெஸ்ட், பில்டுக்குத் தேவையானவற்றின் பட்டியலான பில்ட்-டிபெண்ட்ஸில், 'டெஸ்ட் ஓட்டாவிட்டால் வேண்டாம்' என்று சொல்லும் நோசெக் குறியோடு இருந்தால் போதும். நிறுவுகிறவருக்கு அது எதற்கு? இதற்கு நேர்மாறான தவறு கண்ணில் படாது. நிரல் ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள் ரிக்வெஸ்ட்ஸை (நெட்டிலிருந்து இறக்க உதவும் பைதான் நூலகம்) இம்போர்ட் செய்கிறது, மூல ஆசிரியர் தன் தேவைப் பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். டெஸ்ட் ஓடவேண்டுமே என்று பில்ட்-டிபெண்ட்ஸில் நீங்கள் சேர்த்திருப்பீர்கள். பில்ட்-டிபெண்ட்ஸில் உள்ளதை நிறுவி பில்ட் செய்யும் எஸ்பில்டின் சுத்தமான சூழலிலும் எல்லாம் பாஸ். நிறுவியவர் கணினியில்தான் 'மாட்யூல் இல்லை' என்று விழும். நிறுவுகிறவருக்குத் தேவையானவற்றின் பட்டியலான டிபெண்ட்ஸைத் தானாக நிரப்பும் டிஹெச்-பைதான் என்ற கருவி, மூல ஆசிரியரின் பட்டியலைத்தான் பார்க்கும், நிரலை வரிவரியாகப் படிக்காது. வரிகளைத் தேடும் கிரெப் கட்டளை போட்டு இம்போர்ட் வரிகளை எடுத்து, டிபெண்ட்ஸோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

அப்புறம், நிறுவிய பேக்கேஜைச் சோதிக்கும் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட். அதன் டிபெண்ட்ஸில் '@' (உங்கள் பேக்கேஜ் என்று பொருள்), பைடெஸ்ட், அவ்வளவுதான். சுலபம் என்று சிலர், பில்ட்-டிபெண்ட்ஸ் முழுவதையும் குறிக்கும் '@பில்ட்டெப்ஸ்@' போடுவார்கள். விடுபட்டதெல்லாம் அதோடு வந்து இறங்கிவிடும், டெஸ்ட் வைத்ததே வீண். டெஸ்ட் கோப்புகளைத் தனி ஃபோல்டருக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். இல்லையென்றால் மூல ஃபோல்டரில் கிடக்கும் நிரலையே இம்போர்ட் செய்துகொண்டு பாஸ் என்று சொல்லும்.

கே: டெஸ்டுக்காக வைத்திருக்கும் சாம்பிள் கோப்புகளையும் பார்க்க வேண்டுமா?
– வாசகர், குன்னூர்

ப: கட்டாயம். 2024 மார்ச்சில் கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பேக்டோர் (ரகசியப் பின்வாசல்) வெளிப்பட்டதே, அதை ஒளித்துவைத்தது டெஸ்டுக்கான சுருக்கிய கோப்புகளில்தான். அவற்றைப் பிரித்தெடுக்கும் முதல் வரிகளோ எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் கிடையாது, வெளியிட்ட டார்பாலில் (மூலநிரல் பொதி) மட்டும். பேக்டோர் குறிவைத்தது எஸ்எஸ்ஹெச்சை, அதாவது தொலைவிலிருந்து கணினிக்குள் லாகின் செய்யும் நிரலை. எக்ஸ்இசட்டுக்கும் அதற்கும் என்ன உறவு? எஸ்எஸ்ஹெச்சில் டெபியன் போன்றவை போட்ட பேட்ச் (திருத்தம்), கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தை இழுத்தது, அது எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி இழுப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. உங்கள் சாம்பிள் பைனரியாக (திறந்து படிக்க முடியாத கோப்பாக) இருந்தால், அதை உருவாக்கிய ஸ்கிரிப்டும் கூட இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.