வடதுருவக் கடலுக்கு ஆறுகள் கொண்டுபோவது என்ன? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசக நண்பர்கள் கேட்ட கேள்விகளைச் சற்றுச் சுருக்கித் தொகுத்திருக்கிறேன். நான் கடல் வேதியியல் படித்தவன், பாடம் நடத்தியவன். அதனால் பதில்கள் உப்பு, கார்பன், நைட்ரேட் பக்கமே சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு எல்லாக் கடலிலும்தான் விழுகிறது. வடதுருவக் கடலுக்கு மட்டும் என்ன விசேஷம்? – மா விவசாயி, காவேரிப்பட்டணம்

கடல் சின்னது, ஆறுகள் பெரியவை. உலகக் கடல்நீரில் ஆர்க்டிக் எனப்படும் இந்த வடதுருவக் கடலின் பங்கு ஏறக்குறைய 1 சதவீதம். ஆனால் உலக ஆறுகள் எல்லாம் கடலில் சேர்க்கும் நீரில் சுமார் 10 சதவீதம் இங்கேதான் வந்து விழுகிறது. சைபீரியாவிலிருந்து யெனிசெய், லேனா, ஓப் ஆகிய மூன்றும், கனடாவிலிருந்து மெக்கன்ஸியும் முக்கியமானவை. யெனிசெய் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 600 கன கிலோமீட்டர் நீர் கொண்டுவருகிறது. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் 21,000 டி.எம்.சி.க்கு மேல். 2007இல் காவிரி நடுவர் மன்றம் மொத்தக் காவிரிக்கும் வைத்த கணக்கே 740 டி.எம்.சி.தான். அதோடு ஆர்க்டிக்கின் பரப்பில் ஏறக்குறைய பாதி, ஆழம் குறைந்த கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நிலத்தின் தொடர்ச்சி. ஆறு எதைக் கொண்டுவந்தாலும் சட்டென்று ஆழத்தில் போய் மறைய வழியில்லை.

நன்னீர் விழுந்த கொஞ்ச நேரத்தில் உப்புநீரோடு கலந்துவிடாதா சார்? – ஆசிரியை, பாலக்கோடு

சுலபத்தில் கலக்காது அம்மா. நம் பக்கத்துக் கடல்களில் நீரின் அடர்த்தியை வெப்பமும் உப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் நீரில் வெப்பத்தின் பங்கு மிகவும் குறைந்துவிடும், உப்பு வைத்ததுதான் சட்டம். அதனால் ஆற்றுநீர் மேலேயே பரவிக் கிடக்கும். சாதாரணக் கடல்நீரில் ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது என்றால், கோடையில் சைபீரிய ஆற்றுமுகங்களுக்கு வெளியே அது 10 கிராமுக்கும் கீழே போவதுண்டு.

இந்த மேலடுக்குக்குக் கீழே இருநூறு முன்னூறு மீட்டர் ஆழத்தில் அட்லாண்டிக்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான நீர் ஓடுகிறது. வெதுவெதுப்பு என்றால் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே, அவ்வளவுதான். ஆனாலும் அந்த வெப்பம் முழுவதும் மேலே வந்தால் மிதக்கும் பனி முழுவதையும் உருக்கிவிடப் போதுமானது. வரவிடாமல் தடுப்பது நடுவில் இருக்கும் உப்பு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஆறுகளின் பங்கு பெரியது. வங்காள விரிகுடாவின் வடபாதியிலும் கங்கை, பிரம்மபுத்திரா நீர் இப்படித்தான் மேலே நிற்கிறது, ஆகவே இது துருவத்துக்கே உரிய அதிசயம் இல்லை.

ஆற்றுநீரில் வண்டல், சத்து எல்லாம் இருக்கும். அப்படியானால் கடலுக்கு அது உரம் போட்ட மாதிரிதானே? – உரக்கடை வைத்திருப்பவர், ஊத்தங்கரை

பாதி சரி. நைட்ரேட், இரும்பு, சிலிகா எல்லாம் வருகின்றன. சிலிகா இல்லாமல் டயாட்டம் என்ற நுண்பாசி தன் ஓட்டைக் கட்ட முடியாது. டயாட்டத்தைச் சிறு இறால் போன்ற உயிரிகள் தின்கின்றன, அவற்றை மீன், மீனைக் கடல்நாய், அப்புறம் பனிக்கரடி. ஆறுகளும் கரை அரிப்பும் தரும் சத்துகள் ஆர்க்டிக்கின் பாசி விளைச்சலில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகின்றன என்று 2021இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது.

மறுபாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்க்டிக்கில் பாசிக்கு முதலில் தட்டுப்பாடாவது பெரும்பாலும் நைட்ரேட். அது கீழடுக்கில் நிறைய இருக்கிறது. ஆனால் ஆறு விரித்த நன்னீர் மேலே கிடப்பதால் கீழே இருப்பது மேலே ஏறுவதில்லை. கையில் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் களஞ்சியத்தைப் பூட்டுகிற கதை. கனடா பக்கத்துப் போஃபோர்ட் கடலின் நடுப்பகுதியில் நன்னீர் குவிந்து கிடக்கிறது, அங்கே பாசி மிகக் குறைவு. கண்டத்திட்டு முடியும் விளிம்பில் காற்று கீழ்நீரை மேலே இழுக்கும் இடங்களில்தான் விளைச்சல் பொங்குகிறது.

இன்னொன்று, வெளிச்சம். ஆற்றுமுகத்தில் நீர் பழுப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும். சத்து இருந்தும் சூரியன் உள்ளே இறங்காது. ஆகவே பாசி பெருகுவது ஆற்றின் வாயிலேயே அல்ல, வண்டல் படிந்து நீர் தெளிகிற கொஞ்ச தூரத்துக்கு அப்பால்.

அந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது? – பதினொன்றாம் வகுப்பு மாணவி, அரூர்

இலை, பாசம், சதுப்பு, மரப்பட்டை ஆகியவை மட்கி நீரில் கரைந்த கார்பன் அது. ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த தாவர மிச்சம் இருக்கிறது. ஆர்க்டிக் ஆறுகள் ஆண்டுக்கு மூன்று கோடி டன் அளவில் கரைந்த கரிமக் கார்பனைக் கடலில் சேர்க்கின்றன.

எப்போது வருகிறது என்பதைக் கவனி. லேனாவின் ஆண்டு நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜூன் என்ற ஒரே மாதத்தில் இறங்குகிறது. பனி உருகி மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு வரும் அந்த வெள்ளத்தில் இருக்கும் கார்பன் புதியது, பாக்டீரியா சுலபமாகத் தின்னக்கூடியது. தின்றால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், கடல் அமிலப் பக்கம் நகரும். கிழக்குச் சைபீரியக் கடலில் அளந்து பார்த்த அமிலமாதலுக்கு, காற்றிலிருந்து கரைந்த வாயுவைவிட இப்படி மட்கும் கரிமப்பொருளும் ஆற்றுநீருமே முக்கியக் காரணம் என்று 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஓடு கட்டும் சிறு கடல் நத்தைகளுக்கு இது கெட்ட செய்தி. எல்லா ஆறும் ஒன்றல்ல: சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் மெக்கன்ஸியின் நீரில் காரத்தன்மை அதிகம், அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும்.

இவ்வளவு நல்ல தண்ணீர் ஆளில்லாத கடலில் வீணாகக் கலக்கிறதே. அணை கட்டித் திருப்பிவிட முடியாதா? – ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஊழியர், தருமபுரி

ஐயா, சோவியத் காலத்துத் திட்டக்காரர்களுக்கும் இதே எண்ணம்தான். ஓப், இர்திஷ் நீரில் ஒரு பகுதியைத் தெற்கே திருப்பி மத்திய ஆசியாவின் பருத்தி வயல்களுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் திட்டம் போட்டார்கள். செலவு, அறிவியலாளர்களும் எழுத்தாளர்களும் காட்டிய எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து 1986இல் கைவிட்டார்கள். நன்னீர் குறைந்தால் கடல் பனி என்னாகும் என்ற விவாதம் அப்போதே நடந்தது.

அணைகள் இல்லாமல் இல்லை. யெனிசெய் மேல் 1972இல் முடிந்த கிராஸ்நோயார்ஸ்க் அணைக்குக் கீழே, அந்த நகரத்தை ஒட்டி, கடும் குளிர்காலத்திலும் ஆறு உறைவதில்லை. அணை கோடை நீரைப் பிடித்து வைத்துக் குளிர்காலத்தில் விடுகிறது, வண்டலையும் தேக்குகிறது. மொத்த அளவு பெரிதாக மாறாவிட்டாலும் காலம் மாறுகிறது. இருட்டில் வரும் சத்து பாசிக்கு உதவாது. ஜூன் வெளிச்சத்தில் வந்தால்தான் பயன். மேட்டூரில் எப்போது திறக்கிறார்கள் என்று டெல்டாக்காரர் ஏன் நாள் எண்ணுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாததா? என்னைக் கேட்டால், கடலில் சேரும் நீரை வீண் என்று கணக்கெழுதுவதுதான் தப்பு. நம் காவிரிக் கழிமுகத்துக்கும் அது பொருந்தும்.

இதற்கிடையில் ஆறுகளே பெருகி வருகின்றன. யூரேசியாவின் 6 பெரிய ஆர்க்டிக் ஆறுகளின் நீர்வரத்து 1936 முதல் 1999 வரை சுமார் 7 சதவீதம் கூடியது.

அந்தக் குளிரிலும் ஆற்றுமீன் உண்டா? – பரிசல் ஓட்டுபவர், ஒகேனக்கல்

நிறைய உண்டு. ஆர்க்டிக் சிஸ்கோ என்றொரு மீன் மெக்கன்ஸியின் கிளையாறுகளில் பொரிக்கிறது. குஞ்சுகள் கடலுக்கு வந்ததும் கிழக்குக் காற்று நன்றாக அடித்தால் கரையோர உவர்நீரோடு மேற்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் அலாஸ்காவின் கோல்வில் ஆற்றை அடைந்து வளர்கின்றன. காற்று சரியில்லாத ஆண்டில் குஞ்சு வந்து சேராது. அது சில ஆண்டுகள் கழித்து அங்குள்ளவர்களின் வலையில் தெரியும். பெலூகா என்னும் வெள்ளைத் திமிங்கிலமும் கோடையில் மெக்கன்ஸி முகத்தின் வெதுவெதுப்பான நீரில் கூட்டமாக வந்து சேரும்.

கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை தள்ளுவதைப் பார்க்கிறோம். அங்கே ஆறு சுத்தமா? – ஓசூர் தொழிற்சாலை ஊழியர்

நம் ஆற்றோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சுத்தம்தான். ஆனால் 2020 மே மாதம் நோரில்ஸ்க் நகருக்குப் பக்கத்தில் எரிபொருள் தொட்டி உடைந்து சுமார் 20,000 டன் டீசல் கொட்டியது, பெரும்பகுதி ஆற்றில் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத தொல்லை பாதரசம். வசந்த வெள்ளம் மண்ணிலிருந்து அதைக் கொண்டுவருகிறது, பாக்டீரியா அதை உடலில் சேரும் நச்சான மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது, மீன் வழியாகப் பெலூகாவுக்கும் அதை உண்ணும் வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்களுக்கும் போய்ச் சேர்கிறது.

தென்துருவத்தில் ஆறு உண்டா? – நூலகர், பென்னாகரம்

பெயருக்கு உண்டு. நீளமானது ஓனிக்ஸ், 32 கிலோமீட்டர்தான். அதுவும் கடலுக்குப் போகாமல் உள்நாட்டிலுள்ள வாண்டா ஏரியில் முடிகிறது. அதனால் தெற்குக் கடலின் கதை நேர் எதிர். நைட்ரேட் மிச்சமிருக்கும், இரும்புக்குப் பஞ்சம். பனிப்பாறைகள் உருகும் இடத்தில் இரும்பு கிடைத்துப் பாசி பெருகும்.

சைபீரிய மரம் கிரீன்லாந்தில் ஒதுங்குமாமே, நிஜமா? – தச்சர், பர்கூர்

நிஜம். ஆற்றில் விழுந்த மரங்கள் பனியில் சிக்கித் துருவத்தைக் கடந்து போய் ஒதுங்கும். நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென் 1893இல் ஃபிராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு மிதக்கத் துணிந்ததற்கு அந்த மரங்களும் ஒரு சாட்சி. அதே நீரோட்டம் ஆற்றின் இரும்பையும் கார்பனையும் கடலின் நடுவரை கொண்டுபோகிறது.

இதையெல்லாம் படிக்க நான் என்ன எடுக்க வேண்டும் சார்? – அதே அரூர் மாணவி

பி.எஸ்சி. வேதியியல் எடு, கணக்கை விடாதே. அப்புறம் முதுநிலையில் கடலியல் பக்கம் போகலாம். கோவாவில் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இருக்கிறது. வடதுருவப் பக்கத்து நார்வே தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2008 முதல் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது, பக்கத்துக் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல்நுழைவில் 2014இல் இந்தியக் கருவித் தொகுதி ஒன்றைக் கடலுக்குள் இறக்கினார்கள். அங்கே பெரிய ஆறு கிடையாது, பனியாறு உருகிய நீர்தான். ஆனால் உப்பு, வெளிச்சம், நைட்ரேட் என்று அளக்க வேண்டியவை அதேதான்.