60 நாள் தாண்டிடுச்சுன்னு வங்கி சொன்னா, பணம் போனது போனதுதானா?

தம்பி, நீங்க கேட்டதைச் சுருக்கிச் சொல்லிட்டுப் பதிலுக்கு வரேன். பாபநாசத்துல தங்கச்சி கல்யாணத்துக்காக ஜனவரிக் கடைசியில அமெரிக்காவுல இருந்து கிளம்பியிருக்கீங்க. தாளடி அறுப்பு, அப்புறம் உளுந்து எடுக்கிறதுன்னு மே வரைக்கும் ஊர்லயே தங்கிட்டீங்க. திரும்பி வந்து பார்த்தா, பேரே கேள்விப்படாத ஒரு கம்பெனி செக்கிங் கணக்கிலிருந்து மாசாமாசம் 20-ஆம் தேதி 180 டாலர் இழுத்திருக்கு. ஜனவரியிலிருந்து மே வரை ஐந்து தடவை, மொத்தம் 900 டாலர். மே 28 அன்னைக்குக் கூப்பிட்டுக் கேட்டா, "60 நாள் தாண்டிடுச்சு, ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு சொல்லிட்டாங்க.

60 நாள்னு ஒரு கெடு இருக்கிறது உண்மைதான். ஆனா அது தாண்டினா எல்லாம் போச்சுங்கிறது தப்பு.

இதுக்கான சட்டம் 1978-இல் வந்த எலக்ட்ரானிக் ஃபண்ட் டிரான்ஸ்ஃபர் ஆக்ட். அதன் கீழ் வர்ற விதிக்கு ரெகுலேஷன் ஈ-ன்னு பேர். நீங்க அனுமதிக்காத பற்று முதல்ல எந்த ஸ்டேட்மென்ட்ல வருதோ, அது அனுப்பப்பட்ட நாள்லேர்ந்து 60 நாள் எண்ணணும். நீங்க அதைத் திறந்து பார்த்தீங்களா இல்லையாங்கிறது கணக்கில்ல. அந்த 60 நாளுக்குள்ள சொல்லலேன்னா, 60-ஆம் நாளுக்குப் பிறகு போன பணத்துக்கு மட்டும்தான் பொறுப்பு உங்க தலையில விழும். அதுகூட, "அப்பவே சொல்லியிருந்தா தடுத்திருப்போம்"னு வங்கி நிரூபிச்சாத்தான். வாய்க்கால் கரை உடைஞ்சதைப் பார்த்தும் சொல்லாம விட்டவன், அதுக்கப்புறம் மூழ்கின வயலுக்குத்தான் பதில் சொல்லணும். முன்னாடியே மூழ்கினதுக்கு இல்ல.

உங்க தேதிகளை வச்சே போட்டுப் பார்ப்போம். முதல் ஸ்டேட்மென்ட் பிப்ரவரி 5-ல வந்ததா வச்சுக்கங்க. பிப்ரவரிக்கு 28 நாள்னா 60-ஆம் நாள் ஏப்ரல் 6. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாசப் பற்று மூணும், அதாவது 540 டாலர், அதுக்கு முன்னாடி போனது. கார்டு தொலையல, பின் நம்பர் போகல. கணக்கு எண்ணை மட்டும் வச்சு இழுத்திருக்கான். அதனால 50 டாலர், 500 டாலர் வரை நீங்களே ஏத்துக்கணும்ங்கிற வரம்புகளும் உங்களுக்குப் பொருந்தாது. (கார்டு தொலைஞ்ச கேஸ்னா, தெரிஞ்சு இரண்டு வேலை நாளுக்குள்ள சொன்னா உச்சம் 50, அதுக்கு மேல போனா 500 வரை.) வங்கி சண்டை போட இடம் இருக்கிறது ஏப்ரல், மே மாசப் பற்று இரண்டுக்கும்தான், 360 டாலர்.

அப்புறம் ஏன் மொத்தத்தையும் மறுக்கிறாங்க? இன்னொரு 60 நாள் இருக்கு, அதோட இதைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. வங்கிகளுக்குள்ள பணம் போய்வர்ற ஏசிஎச் வலையமைப்போட விதி அது. அனுமதியில்லாத பற்றை, செட்டில் ஆன நாள்லேர்ந்து 60 நாளுக்குள்ளன்னா உங்க வங்கி ஆர்10-ங்கிற குறியீட்டைப் போட்டு எதிர் வங்கிக்கே திருப்பி அடிச்சிடலாம். கெடு தாண்டினா அந்தச் சுலப வழி மூடிடும், கைக்காசைப் போட்டு உங்களுக்குக் கொடுக்க வேண்டி வரும். போன்ல பேசுறவருக்குத் திரையில தெரியறது பெரும்பாலும் இந்தக் கெடுதான். அது வங்கிக்கும் வங்கிக்கும் உள்ள ஏற்பாடு, உங்க உரிமையை அது குறைக்காது.

இதுல உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒண்ணு இருக்கு. ஏப்ரல், மே பற்று இரண்டும் ஏசிஎச் கெடுவுக்குள்ளதான் இன்னும் இருக்கு. ஏப்ரல் 20-க்கு ஜூன் 19 வரை நேரம். சட்டப்படி பலவீனமான இரண்டும் திருப்பி அடிக்கச் சுலபமானவை. திருப்ப முடியாத பழைய மூணும் சட்டப்படி பலமானவை. ரெண்டையும் தனித்தனியாக் கேட்டா ஐந்துமே திரும்பி வர வாய்ப்பிருக்கு. "ஒட்டுமொத்தமா 900 டாலர்"னு கேட்டா ஒரே பதில்ல மறுத்துடுவாங்க.

அதனால முதல்ல இன்னைக்கே கூப்பிட்டு, கடைசி இரண்டுக்கும் "ரிட்டன் ஸ்டேட்மென்ட் ஆஃப் அன்ஆதரைஸ்டு டெபிட்" (Written Statement of Unauthorized Debit), அதாவது இது நான் அனுமதிக்காத பற்றுன்னு எழுத்துல கொடுக்கிற படிவம் கேளுங்க. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் ஆர்10 போகும். பேசும்போது "டிஸ்பியூட்"னு பொதுவாச் சொல்லாதீங்க. கடைக்காரரோட தகராறுன்னு பதிவு பண்ணிட்டு, "முதல்ல அந்தக் கம்பெனியைக் கேட்டீங்களா"ன்னு சுத்த விடுவாங்க. "அன்ஆதரைஸ்டு எலக்ட்ரானிக் ஃபண்ட் டிரான்ஸ்ஃபர்"ங்கிற சொல்லையே சொல்லுங்க. தேதி, நேரம், பேசினவர் பேர், கேஸ் நம்பர் எழுதி வச்சுக்கங்க.

அடுத்து, பத்து வேலை நாளுக்குள்ள கடிதம். சர்டிஃபைடு மெயில்ல (நம்மூர்ப் பதிவுத் தபால் மாதிரி), வங்கி வாங்கிக்கிட்டதுக்கான ரசீதோட. ஐந்து பற்றையும் தேதி, தொகையோட வரிசையா எழுதி, ரெகுலேஷன் ஈ பிரிவு 1005.6-ன்படி என் பொறுப்பு எவ்வளவுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கணக்குக் காட்டுங்கன்னு கேளுங்க. வங்கி பத்து வேலை நாளுக்குள்ள விசாரிக்கணும், இல்லேன்னா தற்காலிகமா வரவு வச்சுட்டு 45 நாள் எடுத்துக்கலாம்னு ஒரு நடைமுறை இருக்கு; 60 நாள் தாண்டிச் சொன்னா அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஆனா 1005.6 கணக்கைப் போடாம உங்க மேல ஒரு டாலர்கூடச் சுமத்த முடியாது. விதியோட அதிகாரபூர்வ விளக்கத்துலயே இது இருக்கு. இன்னொண்ணு: இந்த விசாரணை நடைமுறைக்கு, ஒவ்வொரு பற்றுக்கும் அது வந்த ஸ்டேட்மென்ட்லேர்ந்தே 60 நாள் எண்ணணும். மார்ச் 20 பற்று ஏப்ரல் 5 ஸ்டேட்மென்ட்லதான் வந்திருக்கும். நீங்க சொன்ன மே 28, அதுக்கு 53-ஆவது நாள். அந்தப் பற்றுக்கு முழு நடைமுறையும் உண்டு, விடாதீங்க.

அதே கடிதத்துல பயணத்தையும் எழுதுங்க. நீண்ட பயணம், மருத்துவமனையில இருந்தது மாதிரி காரணத்தால தாமதமானா, நியாயமான அளவு கெடுவை நீட்டணும்னு 1005.6-லயே இருக்கு. போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை நகல் சேருங்க. "போன்ல ஆப் இருந்ததே"ன்னு வாதாடுவாங்க. கல்யாண வீட்டிலும் களத்துமேட்டிலும் இருந்த ஆளுக்கு அது பெரிய வாதமில்லன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா உறுதியாச் சொல்ல முடியாத இடம் இது, அதை மட்டும் நம்பாதீங்க.

போலீஸ் புகார் கொண்டு வந்தாத்தான் விசாரிப்போம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அப்படி நிபந்தனை வைக்க முடியாது. ஸ்டாப் பேமென்ட் (அந்தக் கம்பெனிக்கு இனி பணம் தராதேங்கிற உத்தரவு) மட்டும் போட்டுட்டு நிம்மதியா இருக்காதீங்க. அவன் வேற பேர்ல திரும்ப இழுப்பான். கணக்கை மூடிப் புதுசு திறந்து, சம்பளத்தை அதுக்கு மாத்துங்க. எழுத்துல மறுப்பு வந்தா, சிஎஃப்பிபி-ங்கிற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிடம் இணையத்துல புகார் போடுங்க. வழக்குன்னு போனா ஒரு வருஷக் கெடு.

இந்தப் பாதுகாப்பு எல்லாத்துக்கும் வராது. ரூம்மேட்டுக்கு நீங்களே கார்டும் பின்னும் கொடுத்து அவர் கூடுதலா எடுத்தா, அது அனுமதியுள்ளதாத்தான் கணக்கு, "இனி அவருக்கு உரிமையில்ல"ன்னு வங்கிக்குச் சொல்ற வரை. ஏமாந்து நீங்களே ஜெல் (Zelle) பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பினதும் பொதுவா வராது. வியாபாரக் கணக்குக்கு ரெகுலேஷன் ஈ கிடையாது. கிரெடிட் கார்டு தனிச் சட்டம். அங்கே அனுமதியில்லாத செலவுக்கு உச்சப் பொறுப்பே 50 டாலர்தான்.

கும்பகோணம் கிளையில என்ஆர்ஓ கணக்கும் (வெளிநாட்டுல இருக்கிறவங்க இந்தியாவுல வச்சுக்கிற ரூபாய்க் கணக்கு) இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அங்கே இந்த 60 நாளை நினைச்சு உட்கார்ந்துடாதீங்க. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தப்பு உங்க மேலயும் இல்லாம வங்கி மேலயும் இல்லாம மூணாவது ஆளால நடந்திருந்தா, தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க பொறுப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள்னா சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உச்சம் 10,000 ரூபாய். அதுக்கு மேல, அந்தந்த வங்கியோட கொள்கை. வேலை நாளை உங்க சொந்தக் கிளையோட நாட்காட்டிப்படி, தகவல் வந்த நாளைத் தள்ளி எண்ணணும்; பொங்கல் லீவு கணக்குல வராது. எஸ்எம்எஸ் அப்பா போனுக்குத்தானே போகுது? வங்கியிலேர்ந்து எது வந்தாலும் அன்னைக்கே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. சந்தேகம்னா நீங்க இங்கே எழுந்திருக்கிற வரை காத்திருக்காம, வங்கிக்கும், இந்தியாவோட சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அவரையே கூப்பிடச் சொல்லுங்க.