ஆசிரியர் குறிப்பு: 30 சொல்லில் எதைச் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

கதை, கவிதை அனுப்புகிறவர்களிடம் சஞ்சிகைகள் கேட்டு வாங்கும் 'ஆசிரியர் குறிப்பு' (எழுதியவரைப் பற்றிய சிறு அறிமுகம்) பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என் கவிதை ஒன்றைத் தெரிவு செய்த சஞ்சிகை, என்னைப் பற்றி 30 சொல்லில் எழுதி அனுப்பச் சொல்கிறது. நான் எழுதியது 140 சொல். எதை வெட்டவும் மனம் வரவில்லை. பிரதியை இணைத்திருக்கிறேன்.
– ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: உங்கள் குறிப்பு இப்படித் தொடங்குகிறது: “தேயிலை மணம் கமழும் மஸ்கெலியா மண்ணில் மலர்ந்த இவர், சிறுவயது முதலே தமிழ் மீது தீராத பற்றுக் கொண்டு, பாடசாலைக் காலத்திலேயே பேச்சு, கட்டுரைப் போட்டிகளில் பல பரிசில்களைத் தட்டிச் சென்றவர்.”

எண்ணிப் பாருங்கள், 23 சொல். அதில் வாசகர் தெரிந்துகொண்டது உங்கள் ஊரை மட்டும்தான். தமிழ்ப் பற்றைக் கவிதையே காட்டிவிடும். பாடசாலைப் பரிசுகள் உங்களுக்கு அருமையானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கவிதையைப் படித்து முடித்தவர் தேடுவது வேறு: இவர் யார், எங்கே இருக்கிறார், இவருடைய எழுத்து இன்னும் எங்கே கிடைக்கும்?

அதற்கான விடை உங்கள் பிரதியின் கடைசி வரியில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து மூத்த பெண்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். 140 சொல்லில் உங்களுக்கே உரியது அது ஒன்றுதான். அது கடைசியில் கிடப்பது ஆபத்து. பக்கத்தின் அடியில் குறிப்புக்கு இரண்டு மூன்று வரி இடம்தான் இருக்கும். நீளமாக வந்தால், பக்கம் அமைப்பவர் பெரும்பாலும் வாலிலிருந்துதான் வெட்டுவார். தேயிலை மணம் நிற்கும், தாலாட்டு போய்விடும்.

இப்படி அனுப்பலாம்: “மஸ்கெலியாவில் வசிக்கிறார். தமிழ் ஆசிரியர். 2014 முதல் கவிதை எழுதுகிறார். முதல் தொகுப்பு 2021இல் வெளிவந்தது. தோட்டத்து மூத்த பெண்கள் பாடும் தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்து வருகிறார்.”

இது 22 சொல். தொகுப்பின் பெயரையும் பதிப்பகத்தையும் சேர்த்தாலும் 30க்குள் நிற்கும். உங்கள் பெயர் தடித்த எழுத்தில் மேலே வருவதால், குறிப்புக்குள் மறுபடி வேண்டியதில்லை; 'இவர்' என்பதும் வேண்டாம், 'வசிக்கிறார்' என்ற வினையே அதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் பிரதியில் உள்ள 'எண்ணற்ற', 'பல்வேறு', 'தேசியப் பத்திரிகைகளில்' ஆகியவற்றை எடுத்துவிட்டு ஒரேயொரு சஞ்சிகையின் பெயரைப் போடுங்கள். தேடிப் பார்க்க நினைப்பவருக்கு அதுதான் உதவும். 'விரைவில் வெளிவரவுள்ளது' என்பதையும் தவிர்க்கலாம். நூல் தாமதமானால் குறிப்பு பொய்யாகிவிடும், நூல் வந்துவிட்டால் பழசாகிவிடும்.

கேள்வி: பெயருக்கு முன்னால் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ள ஆசை. “தோட்டத்துப் பிள்ளை என்று நீயே பலகை மாட்டிக்கொள்ளாதே” என்கிறார் அண்ணன். குறிப்பில் தோட்டத்தைச் சொல்வது அனுதாபம் தேடுவதாகுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: ஆகாது. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் பதுளைப் பகுதியில் தாம் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரைத்தான் தம் பெயரோடு வைத்துக்கொண்டார். தமிழகத்து வாசகரும் அவரை அந்தப் பெயராலேயே அறிவார்கள். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் என்று ஊரை முன்னிறுத்தியவர்களும் உண்டு. உங்கள் தலவாக்கலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1914இல் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் மடக்கும்புர தோட்டத்தைச் சொல்லாமல் தொடங்குவது அரிது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இடப்பெயர் எழுத்தாளருக்கு ஒரு முகவரி. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

அனுதாபம் தேடுவதாகத் தோன்றுவது தோட்டத்தின் பெயரால் அல்ல, அதைச் சுற்றிப் போடும் அடைமொழிகளால். 'வறுமையின் பிடியில்', 'லயத்து இருளில்' (லயம்: தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) என்றெல்லாம் குறிப்பில் எழுதவேண்டாம். அவற்றைச் சொல்லத்தான் உங்கள் கதை இருக்கிறது. 'பிறந்தது இன்ன தோட்டம்' என்று நேராகச் சொன்னால் போதும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. பல தோட்டங்களுக்குத் தொழிலாளர் வாயில் ஒரு பெயர், பெயர்ப்பலகையில் வேறொரு பெயர். எதை எடுத்தாலும் அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சஞ்சிகையில் முன்னொட்டோடும் அடுத்ததில் வெறும் முதலெழுத்தோடும் வந்தால், நூலகப் பட்டியலில் நீங்கள் இரண்டு பேராகிவிடுவீர்கள். ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலும் அப்படியே. 'ஹட்டன்' என்று தொடங்கியவர் நடுவில் 'ஹற்றன்' ஆகக் கூடாது. உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே ஒன்றாக முடிவு செய்துவிடுங்கள்.

குறிப்பு எங்கே அச்சாகிறது என்பதையும் பாருங்கள். கொழும்பில் வரும் இதழுக்கு 'தலவாக்கலை' போதும். சென்னையில் வருவதென்றால் 'இலங்கையின் நுவரெலியா மாவட்டம்' என்று சேர்க்கவேண்டும். அங்கே 'தோட்டம்' என்றால் காய்கறித் தோட்டமோ தென்னந்தோப்போ நினைவுக்கு வரும். 'தேயிலைத் தோட்டம்' என்றே எழுதுங்கள். தோட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த லயம் என்பதும் தொலைபேசி இலக்கமும் அச்சில் வரவேண்டாம். தொடர்புக்கு மின்னஞ்சல் ஒன்று போதும்.

கேள்வி: நூல் எதுவும் வெளிவரவில்லை, மூன்று சிறுகதைகள்தான் அச்சாகியிருக்கின்றன. குறிப்பில் எழுத என்ன இருக்கிறது?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: மூன்று கதை இருக்கிறதே! எந்த இதழ், எந்த ஆண்டு என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஊரும் தொழிலும் சேர்ந்தால் 12 சொல்லில் முடிந்துவிடும். இடத்தை நிரப்ப 'வளர்ந்துவரும் எழுத்தாளர்' என்று போடவேண்டாம். சின்னக் குறிப்பு யாருக்கும் குறைவில்லை.

கேள்வி: கணினியில் தட்டச்சு செய்து அனுப்பிய குறிப்பு, ஆங்கில எழுத்துகள் கலந்து கிடக்கிறது என்று திரும்பி வந்தது. என் திரையில் தமிழ் சரியாகத்தான் தெரிகிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எதிரே இருப்பவரின் கணினியில் பாமினி இல்லையென்றால், அல்லது மின்னஞ்சலுக்குள் ஒட்டும்போது எழுத்துரு கழன்றுவிட்டால், அந்த ஐந்தும் அப்படியே தெரியும்.

தமிழ் எழுத்துகளையே சேமிக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றி அனுப்புங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றும் முன் மின்னஞ்சல் முகவரியையும் ஆங்கில எழுத்தில் உள்ள மற்றவற்றையும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது; முகவரியையும் பொருளற்ற தமிழாக்கிவிடும். மாற்றி முடித்ததும் கொம்பு, கால், மேற்கோள் குறிகளை ஒருமுறை சரிபாருங்கள். கைபேசியில் தமிழில் அடித்தால் அது முதலிலிருந்தே யுனிகோடுதான். 30 சொல்லுக்கு அதுவே சுலபம்.

படமும் கேட்டிருப்பார்கள். 3 சென்ரிமீற்றர் அகலம், 4 சென்ரிமீற்றர் உயரத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறத்தாழ 354க்கு 472 புள்ளிகள் வேண்டும். எந்தக் கைபேசிப் படத்திலும் அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, வெட்டிப் பெரிதாக்கும்போது முகம் கலங்கிவிடும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் தனிக் கோப்பாக இணையுங்கள். வேர்ட் கோப்புக்குள் படத்தை ஒட்டவேண்டாம்.

கேள்வி: 'கலாபூஷணம்' பெற்றவர் நான். பெயருக்கு முன் அதைப் போடுவதா, குறிப்புக்குள் சொல்வதா?
– வாசகர், மாத்தளை

பதில்: கலாபூஷணம் இலங்கை அரசு கலைஞர்களுக்கு வழங்கும் விருது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரோடு ஒட்டினால் எந்த ஆண்டு பெற்றது என்பது விடுபட்டுப்போகிறது. 'கலாபூஷணம் விருது பெற்றவர்' என்று ஆண்டோடு குறிப்புக்குள் ஒருமுறை எழுதுங்கள். அமைப்புகள் மேடையில் வழங்கிய மற்றப் பட்டங்களை அதன் பக்கத்தில் அடுக்கினால் அரச விருதும் கூட்டத்தில் மறைந்துவிடும். ஒன்றே போதும், ஐயா. மீதிச் சொற்களை உங்கள் நூல்களுக்குக் கொடுங்கள்: கடைசியாக வந்தது ஒன்று, நீங்கள் சிறந்ததென்று நினைப்பது ஒன்று, இரண்டுக்கும் ஆண்டு.